ஃபிலிமை டிஜிட்டல் எட்டிப்பிடித்தது எப்போது?

டிஜிட்டல் கேமரா எந்த ஆண்டில் ஃபிலிமை எட்டியது, 35 மி.மீ. ஃபிலிமுக்கு எத்தனை மெகாபிக்சல் சமம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாத்தாவின் ஃபிலிம் கேமரா வீட்டில் சும்மா கிடக்கிறது, அதில் எடுத்தால் படம் இன்னும் நன்றாக வரும், செலவும் குறைவு என்று நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தரத்தில் எட்டியது எப்போது, விலையில் எட்டியது எப்போது, இன்றைக்கு உங்கள் காசை எதில் போடுவது. மூன்றுக்கும் விடை வேறு வேறு. நான் கலர் லேபில் பிரிண்டிங் மெஷினில் வேலை பார்த்து, பிறகு கல்யாணப் படம் எடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டவன். ஒன்று போய் மற்றொன்று வந்த காலம் முழுவதும் இரண்டையும் கையாண்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தவன் அல்ல. ஆகவே கணக்காகச் சொல்லக்கூடியதைக் கணக்காகவும், கண்ணுக்குப் பட்டதைக் கண்ணுக்குப் பட்டது என்றும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் (பிக்சல்கள்) என்ற கணக்கு. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் பரப்பு 24×36 மி.மீ. ஃபிலிம் எவ்வளவு நுணுக்கத்தைப் பிடிக்கிறது என்பதை, ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை ஜோடிக் கோடுகளைக் கலங்காமல் பிரித்துக் காட்டுகிறது என்று அளப்பார்கள். இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஃபியூஜி வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிமின் விவரத்தாளில் இதற்கு இரண்டு எண்கள் இருக்கும். கோடு கன்னங்கரேல் என்றும் இடைவெளி வெள்ளை வெளேர் என்றும் இருந்தால் 160 ஜோடி. கறுப்புக்கும் வெளுப்புக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால், அதாவது மரப்பட்டை, புடவை நெசவு, தலைமுடி மாதிரியான நிஜப் பொருள்களில், 80 ஜோடி. ஒரு ஜோடியைப் பதியக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். 160 ஜோடிக்கு மில்லிமீட்டருக்கு 320 பிக்சல், அதை வைத்து 24 மி.மீ., 36 மி.மீ. இரு பக்கத்தையும் பெருக்கினால் 88 மெகாபிக்சல் வருகிறது. 80-ஐ வைத்துப் பெருக்கினால் 22. ஒரே ஃபிலிம், ஒரே தாள், நான்கு மடங்கு வித்தியாசம்! ஃபிலிம் பக்கம் நிற்பவர் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்வார், எதிராளி இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார், சண்டை விடியும்வரை நடக்கும்.

அந்த 22-உம் ஃபிலிம் மட்டும் தனியாகச் செய்யக்கூடியது. நிஜத்தில் லென்ஸ், ஃபோகஸ், கை நடுக்கம், பிறகு பெரிதாக்கும் கருவி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூர்மையைத் தின்றுவிடும். கையில் பிடித்து, சாதாரண ஜூம் லென்ஸில், ஒளியை உணரும் வேகம் 400 என்ற நெகட்டிவில் எடுத்த படத்தில் 50 ஜோடி மிஞ்சினாலே நல்ல வேலைக்காரர் என்பேன். 50 ஜோடி என்றால் 2400×3600, அதாவது 8.6 மெகாபிக்சல். டிஜிட்டல் தரப்பின் எண்ணிலும் இதே மாதிரி ஊதல் உண்டு. கோடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த வண்ண வடிகட்டி முறைதான் இன்றும் ஏறக்குறைய எல்லா கேமராவிலும் இருக்கிறது. அதன்படி, ஃபிலிமின் இடத்தில் இருந்து ஒளியைப் பதியும் சென்சாரின் பாதிப் புள்ளிகள் பச்சையை மட்டும் பார்க்கும், கால் பங்கு சிவப்பை, கால் பங்கு நீலத்தை. 6 மெகாபிக்சல் கேமராவில் சிவப்பைப் பார்த்த புள்ளிகள் 15 லட்சம்தான். மற்ற இடங்களில் சிவப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பது அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து கேமரா போடும் கணக்கு.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் 6 மெகாபிக்சல் படம் 8×12 அங்குலப் பிரிண்டில் ஃபிலிமுக்கு ஈடாகத் தெரிந்தது. காரணம் கிரெய்ன். நெகட்டிவைப் பெரிதாக்கும்போது முகத்தின் தோலிலும் பின்னால் இருக்கும் வானத்திலும் அந்தப் பொடிமணல் போன்ற குருணை எழும்பும். டிஜிட்டலில் அந்த இடங்கள் வழவழவென்று இருந்தன. சுத்தமாக இருப்பதைக் கண் கூர்மையானது என்று எடுத்துக்கொள்கிறது. நுணுக்கத்தில் ஃபிலிம் சற்று முன்னே நின்ற படத்தைக்கூட வாடிக்கையாளர் தள்ளி வைத்துவிட்டு டிஜிட்டல் பிரிண்டைக் கையில் எடுத்ததை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன்.

லேபில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1990-களின் பிற்பகுதியிலிருந்தே ஃபியூஜி ஃபிரான்டியர் போன்ற டிஜிட்டல் மினிலேப்கள் வந்துவிட்டன. இவை நெகட்டிவின் வழியாக ஒளியைப் பாய்ச்சித் தாளில் நேராகப் பிரிண்ட் போடுவதில்லை. நெகட்டிவை முதலில் ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பை லேசரால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் தாளில் எழுதும். எனவே 2003 வாக்கில் பலர் கையில் வைத்துக்கொண்டு “ஃபிலிம்னா ஃபிலிம்தான்” என்று மெச்சிய போஸ்ட்கார்டு சைஸ் படமே 1200×1800 பிக்சல்தான், வெறும் 2.2 மெகாபிக்சல். ஃபிலிமின் மீதி நுணுக்கம் எல்லாம் நெகட்டிவிலேயே தங்கிவிட்டது. ஆல்பம் அளவில் பார்த்தால் போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

எட்டிப்பிடித்த கதை ஒரே நாளில் நடந்ததல்ல, பயனுக்குப் பயன் தேதி மாறுகிறது. கோடாக் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் 1975-இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 100×100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை கேசட் டேப்பில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அது வரலாறு, விட்டுவிடுவோம். தொழிலில் முதலில் மாறியவை செய்தி நிறுவனங்கள். அசோசியேட்டட் பிரஸ் கோடாக்குடன் சேர்ந்து 1994-இல் கொண்டுவந்த என்சி2000 கேமராவில் 1.3 மெகாபிக்சல்தான். ஆனால் செய்தித்தாளின் தாளும் அச்சும் அதற்கு மேல் காட்டப்போவதில்லை. கழுவிக் காயவைத்து ஸ்கேன் செய்யும் நேரம் மிச்சமானதே பெரிது. 1999-இல் நிக்கான் டி1 2.7 மெகாபிக்சலுடன், 5,000 டாலரைச் சுற்றிய விலையில் வந்ததும் செய்திப் புகைப்படத்தில் ஃபிலிமின் காலம் முடிந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

கல்யாணத்தில் கதை சிக்கல். சில விஷயங்களில் டிஜிட்டல் வந்த அன்றே ஜெயித்துவிட்டது. நம் மண்டபங்களில் மேலே டியூப்லைட், பக்கத்தில் வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கு, வாசல் வழியாக வரும் பகல் வெளிச்சம். பகலொளிக்கென்று செய்யப்பட்ட கலர் ஃபிலிமில் டியூப்லைட் பச்சையாக விழும், ஹாலஜன் மஞ்சளாக விழும். லேபில் மெஜந்தாவை ஏற்றிப் பச்சையைக் கொன்றால் மணமகளின் கன்னம் சிவந்துவிடும். டிஜிட்டலில் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ள முடிந்தது, விழுந்ததை அங்கேயே திரையில் பார்க்கவும் முடிந்தது. தாலி கட்டும் அந்த ஒரு நொடியில் யாராவது கண்ணை மூடியிருந்தார்களா என்று ரோல் கழுவி வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த வேதனை அத்தோடு போனது. குறைந்த வெளிச்சத்திலும் அப்படித்தான். 800 வேக ஃபிலிமின் கிரெய்னைப் பார்த்தவர்களுக்கு, 2005-இல் வந்த கேனான் 5டி 1600 ஐஎஸ்ஓவில் (ஃபிலிம் வேகத்துக்கு நிகரான எண்) கொடுத்த படம் நம்ப முடியாததாக இருந்தது. இந்த விஷயத்தில் 35 மி.மீ. கலர் ஃபிலிம் அதற்குப் பிறகு டிஜிட்டலின் பக்கத்தில்கூட வரவில்லை.

டிஜிட்டல் தோற்றுப்போன இடம் வேட்டி. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெள்ளை, மணமகளின் கூறைப்புடவை அரக்கு, நடுவில் ஃபிளாஷ். கலர் நெகட்டிவுக்குக் கூடுதல் ஒளியைத் தாங்கும் பொறுமை அதிகம். இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) கூடிவிட்டாலும் வேட்டியின் மடிப்பு நெகட்டிவில் அடர்த்தியாகப் பதிந்திருக்கும். மெஷினில் பிரிண்டின் அடர்த்தியைக் கூட்டும் டென்சிட்டி பட்டனை இரண்டு தட்டுத் தட்டினால் மடிப்பும், கரையோரச் சரிகையின் இழையும் மெல்ல வெளியே வரும். ஆரம்பகால டிஜிட்டல் கோப்பில் அந்த இடம் நிரம்பி வழிந்து எல்லாப் புள்ளிகளும் 255 என்ற உச்ச எண்ணில் போய் நின்றுவிடும். டென்சிட்டியைத் தட்டினால் வெள்ளை சாம்பல் நிறமாகுமே தவிர மடிப்பு வராது, ஏனென்றால் அங்கே பதிந்தது ஒன்றுமில்லை. சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுத்தால் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் மெமரி கார்டு விற்ற விலைக்கு, கல்யாணம் முழுவதையும் ராவில் எடுத்தவர்கள் குறைவு, பெரும்பாலோர் இடம் குறைவாகப் பிடிக்கும், சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்புதான்.

உற்பத்தியாளர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. ஃபியூஜி 2004-இல் வெளியிட்ட எஸ்3 புரோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு உணரிகள், ஒன்று சாதாரண ஒளிக்கு, சிறியது ஒன்று அதிக ஒளிக்கு மட்டும். கல்யாணக்காரர்கள் அதைத் தேடி வாங்கியதன் காரணம் இந்த வெள்ளைதான். பிரச்சினை பொதுவாகத் தீர்ந்தது 2010-ஐ ஒட்டி, சென்சாரின் உள் இரைச்சல் வெகுவாகக் குறைந்த பிறகு. 2012-இல் வந்த நிக்கான் டி800 போன்ற கேமராவில் வெள்ளை கெடாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுத்துவிட்டு, இருண்ட பகுதியைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம். ஃபிலிமில் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். நெகட்டிவில் நிழலைப் பார்த்து ஒளி வைப்போம், இதில் வெள்ளையைப் பார்த்து வைக்க வேண்டும். இன்றைக்கும் தாறுமாறாக ஒளி கூடிப்போன படத்தை மீட்பதில் கலர் நெகட்டிவுக்குக் கொஞ்சம் மேல்கை இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் பிடிக்கும் ஒளி வீச்சில் டிஜிட்டல் பின்தங்கியது என்று இப்போது யாராவது சொன்னால் பழைய ஞாபகத்தில் பேசுகிறார் என்று அர்த்தம்.

இனி விலை. 1991-இல் கோடாக் நிக்கான் எஃப்3 உடலில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்ற டிசிஎஸ் கேமராவின் விலை 20,000 டாலர் அளவு, அதன் ஹார்ட் டிஸ்க்கைத் தனிப் பெட்டியாகத் தோளில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். 2000-இல் கேனான் டி30, 3.1 மெகாபிக்சல், 3,000 டாலர் அளவு. 2003 ஆகஸ்டில் கேனான் 300டி, 6.3 மெகாபிக்சல், லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் 899 டாலர். லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது அப்போதுதான். சுங்கம், வரி எல்லாம் ஏறி இங்கே வந்து சேர்ந்த விலை அதைவிடக் கூடுதல் என்பது வேறு கதை. டி30 வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூன்றே ஆண்டில் இரண்டு மடங்கு பிக்சல் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்துவிட்டது. ஃபிலிம் கேமரா உடலை இருபது ஆண்டு உழைக்கும் பண்டமாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தேய்மானம்தான் முதல் அதிர்ச்சி.

300டி-யில் சாம்பல் நிற பிளாஸ்டிக் உடலைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் உள்ளே இருந்தது அதைவிட விலை கூடிய 10டி-யின் அதே ரகச் சென்சார். கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸுக்கும் பாதிப் பெருமையைக் கொடுக்க வேண்டும். அந்தச் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமின் படப் பரப்பைவிடச் சின்னது, அதனால் பழைய 28 மி.மீ. அகல லென்ஸ் அதில் 45 மி.மீ. போலக் குறுகிவிடும். சின்ன வீட்டில் நடக்கும் நிச்சயதார்த்தத்தில் சுவரோடு ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுவதும் சட்டத்துக்குள் அடங்காது. மலிவான 18 மி.மீ. வந்த பிறகே பழைய அகலம் திரும்பக் கிடைத்தது. முழு அளவுச் சென்சார் ஏன் அவ்வளவு விலை என்றால், எட்டங்குலச் சிலிக்கான் தட்டு ஒன்றில் 24×36 மி.மீ. துண்டு இருபது சொச்சம்தான் வெட்ட முடியும், ஒரு தூசி விழுந்தால் ஒரு துண்டு போச்சு. சின்னச் சென்சாரில் அதே தூசியின் நஷ்டம் குறைவு. அதனால்தான் 2002-இல் 11 மெகாபிக்சல் முழு அளவு கேனான் 1டிஎஸ் 7,999 டாலர், 2005-இல் 5டி 3,299 டாலர். 35 மி.மீ. ஃபிலிமைத் தரத்திலும், தொழில்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையிலும் ஒருசேர எட்டிய கேமரா எது என்று ஒரே ஒரு பெயரைக் கேட்டால் நான் 5டி-யைச் சொல்வேன். இன்னொருவர் 300டி என்பார், அவரும் தப்பல்ல, அவர் 8×12-க்கு மேல் பெரிதாக்காதவராக இருப்பார்.

கேமராவின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு பிடிபடாது. அப்போது எங்கள் பக்கம் 36 படக் கலர் ரோல் நூறு ரூபாயை ஒட்டி. கழுவி, போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டும் போட்டால் ஒரு படத்துக்கு ஏழெட்டு ரூபாய் ஆகும். கல்யாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ரோல் ஓட்டும் ஸ்டூடியோவுக்கு, ரோலில் மிச்சமாகும் பணத்திலேயே நாற்பது ஐம்பது கல்யாணத்தில் டிஜிட்டல் உடலின் விலை திரும்பிவிடும் என்பது காகிதத்தில் போட்ட கணக்கு. நடப்பில் ரோல் காசு வாடிக்கையாளருடையது. பில்லே ரோல் கணக்கில்தான் போடுவோம். அதனால் டிஜிட்டலால் மிச்சமானது முதலில் அவருக்குத்தான், கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க், ஆல்பம் டிசைனருக்குச் சம்பளம் எல்லாம் எங்கள் தலையில். முன்பு நானூறு படம் எடுத்த இடத்தில் இரண்டாயிரம் எடுத்து, ராத்திரி முழுவதும் உட்கார்ந்து பொறுக்கினோம். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு டிஜிட்டல் மலிவாகிப் பல ஆண்டுகள் கழித்தே பல சின்ன ஸ்டூடியோக்களுக்கு அது உண்மையில் மலிவானது.

இதோடு ஒட்டிய ஒரு தப்பெண்ணம்: ஊட்டியில் இருந்த நம் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸை டிஜிட்டல் கொன்றது என்று பலர் எழுதுகிறார்கள். அது 1990-களிலேயே நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. கறுப்பு வெள்ளையையே பெரிதும் நம்பியிருந்ததை, கலருக்குத் தாவிய சந்தையும் இறக்குமதியும் முன்பே சாய்த்துவிட்டன. டிஜிட்டல் உண்மையாகவே அடித்தது கோடாக்கை, 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

பெரிய ஃபிலிமின் கணக்கு தனி. ஸ்டூடியோக்களில் இருந்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவிலோ மாமியா கேமராவிலோ போடும் 120 என்ற அகல ரோலில் படத்தின் பரப்பு 35 மி.மீ.யைப் போல மூன்றரை முதல் நாலரை மடங்கு. முன்பு போட்ட அதே 50 ஜோடிக் கணக்கில் 6×7 செ.மீ. என்று சொல்லப்படும் படம் ஒன்று (உண்மையில் 56×70 மி.மீ. அளவு) 39 மெகாபிக்சல் வரும். இதை எட்டும் டிஜிட்டல் கருவிகள் முன்பே இருந்தாலும் அவற்றின் விலை கார் விலை. 51 மெகாபிக்சல் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2017-இல் 6,499 டாலருக்கு வந்த பிறகே பேசத்தக்க விலை ஆனது. இன்றைக்கும் பழைய 120 கேமராவும் நல்ல ஸ்கேனும் கொடுக்கும் படம், அந்தச் செலவுக்கு மோசமே இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாததும் உண்டு. ஃபிலிமின் நிறம் தனி அழகு என்கிறார்களே, அது அளவுகோலில் அடங்காது. லேபில் இருந்தவன் என்ற முறையில் இவ்வளவு சொல்லலாம்: ஒரே நெகட்டிவை இரண்டு ஆபரேட்டர்களிடம் கொடுத்தால் இரண்டு நிறத்தில் பிரிண்ட் வரும். நீங்கள் ஃபிலிமின் நிறம் என்று விரும்புவதில் ஒரு பங்கு ஆபரேட்டரின் விரல். மீதிப் பங்கு ஃபிலிமுடையதுதான். தோலின் பளபளப்பான இடம் வெள்ளைக்குப் போகும்போது நெகட்டிவ் பதமாக வளைந்து போகும், அதை இன்னும் என் கண் ரசிக்கிறது. கறுப்பு வெள்ளையில், இருட்டறையில் கையால் போட்ட பிரிண்டை எந்த இன்க்ஜெட் பிரிண்டுக்காகவும் ஒதுக்க எனக்கு மனமில்லை. வேறு கண்ணுக்கு வேறு மாதிரி தெரியலாம்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். தரம் கூடும் என்பது 35 மி.மீ.யில் உண்மையல்ல. செலவு குறையும் என்பது முழுத் தலைகீழ். ஒரு கலர் ரோல் இப்போது ஆயிரம் ரூபாயை நெருங்கி நிற்கிறது, கழுவி ஸ்கேன் செய்ய இன்னும் சில நூறு. ஷட்டரை ஒருமுறை அழுத்தினால் நாற்பது ரூபாய் அளவு போகும். ஆனால் கேமரா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது என்றால் தடுக்க மாட்டேன். மாதம் ஒரு ரோல் வரை பெரிய இழப்பில்லை, அதற்கு மேல் போனால் பழைய டிஜிட்டல் உடல் ஒன்றை வாங்குவதே லாபம்.

ரோல் போடும் முன் சிலவற்றைப் பாருங்கள். பின்கதவைத் திறந்து, ஓரத்தில் ஓடும் கறுப்புப் பஞ்சுப் பட்டையை விரலால் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் வெளிச்சம் கசியும், மாற்ற வேண்டும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். 1970-களின் கேமரா என்றால் அதன் ஒளி அளக்கும் மீட்டர் இப்போது விற்பனையில் இல்லாத 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டதாக இருக்கலாம், 1.5 வோல்ட் போட்டால் தப்பாகக் காட்டும். சந்தேகம் வந்தால் கலர் நெகட்டிவில் ஒரு ஸ்டாப் கூட்டியே வையுங்கள், குறைப்பதுதான் ஆபத்து. முதல் ரோலில் வீட்டு விசேஷம் எதையும் எடுக்காதீர்கள், மொட்டை மாடியும் தெருவும் போதும். கழுவக் கொடுக்கும் இடத்தில் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடும் வழக்கம் வந்திருக்கிறது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.